அண்டா வண்டிக்கு அம்பத்தூரில் வார்த்த பிஸ்டன்

கொரட்டூர் ஏரிக்குப் பின்னால், கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே இழுக்கும் களிமண்ணில், லேத்து அசையாமல் நிற்க அஸ்திவாரம் போட்டவன் நான். "முதல் மழைக்கே மெஷினு ஏரிக்கு நடந்து போய்டும் அண்ணாத்தே" என்று கொத்தனார் சிரித்தார். எத்தனையோ மழை போய்விட்டது. லேத்து நின்ற இடத்தில் நிற்கிறது. கரண்டுக் கம்பமே இல்லாத எங்கள் தெருவுக்குக் கம்பம் வரவைத்தவன் நான். ஓலைக் கொட்டகை ஒருமுறை தீப்பிடித்தது. சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு அதே இடத்தில் ஓடு போட்டேன். பிறகு ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்டேன். பெரிய பட்டறைக்காரர்கள் ஆகாது என்று திருப்பி அனுப்பிய வேலையை எல்லாம் வாங்கி வந்து ஆக்கிக் கொடுத்தேன். தொழிற்பேட்டையில் இன்று சட்டை கசங்காமல் முதலாளி என்று உட்கார்ந்திருக்கிறவர்களில் நாலு பேருக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது இந்தக் கைதான். மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். என் அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுமுடி சுமந்தவர். நான் அஞ்சாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவன். யார் துணையும் எனக்குக் கிடையாது.

இதில் எதையும் ஊரில் எவரும் இல்லை என்று சொன்னதில்லை. சொன்னால் பட்டறையே சாட்சி. ஆனால் நான் செய்ததிலேயே பெரிய வேலை ஒன்று இருக்கிறது. அதை மட்டும் நான் செய்யவில்லை என்று ஆக்கிவிட்டார்கள். செய்தது ஜெர்மனிக்காரன் என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே வெல்டிங் பொறி பறக்கிறது. ஆகவே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

அறுபதுகளின் பாதியில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு மெஷின் நிறுத்திக் கொடுக்க ஜெர்மனியிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்திருந்தார். கப்பலில் மெஷின் வந்தபோது கூடவே அவருடைய மோட்டார் சைக்கிளும் வந்து இறங்கியது. அந்த மாதிரி வண்டியை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. இரண்டு சிலிண்டர். அவை மற்ற வண்டிகளில் போல நிமிர்ந்து நிற்காமல், இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செயின் கிடையாது. பின்சக்கரத்தை ஓர் இரும்புத் தண்டு சுற்றிவிடும். இவ்வளவு இருந்தும் அது நாலு ஸ்ட்ரோக் இல்லை, இரண்டு ஸ்ட்ரோக். இந்த ஒரு விஷயம்தான் பின்னால் வந்த எல்லா வம்புக்கும் வேர். அதனால் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

நாலு ஸ்ட்ரோக் வண்டிக்கு இன்ஜின் ஆயிலுக்கென்று அடியில் தனி வயிறு இருக்கும். பெட்ரோல் வேறு, ஆயில் வேறு. இரண்டு ஸ்ட்ரோக்குக்கு அந்த வயிறு கிடையாது. பெட்ரோலில் ஆயிலைக் கலந்து டாங்கிலேயே ஊற்ற வேண்டும். அந்தக் கலவைதான் உள்ளே போய்ப் பிஸ்டனுக்கு வழவழப்புக் கொடுக்கும். வெறும் பெட்ரோல் அதற்கு விஷம். எண்ணெய் தேய்க்காத தோசைக்கல்லில் மாவு பிடித்துக்கொள்கிற மாதிரி, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்ஜினீயர் ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் வண்டி தீப்பொறி தருகிற காயில் சுருள் எரிந்து ஓடாமல் கிடந்தது. அதுவரை ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பின்வாங்கினார்கள். நான் பின்வாங்கவில்லை, வண்டியை விலைக்கு வாங்கிக்கொண்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது. ஒரு தம்ளரை எடுத்து, இருபத்தைந்து தம்ளர் பெட்ரோலுக்கு ஒரு தம்ளர் ஆயில் என்று விரலை மடக்கி மடக்கிக் காட்டினார். ஆயில் தம்ளரைத் தூர வைத்துவிட்டு, விரலால் தன் கழுத்தை அறுத்துக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. காயிலை நானே மறுபடி சுற்றிப் போட்டு, இன்ஜினை உதைத்தேன். வண்டி உறுமியது.

வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினதும் என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, ரெண்டு பக்கமும் காது வச்சிகினு அண்டா மாரி கீது? ஒலை வக்கிறதுக்கா?"

தெருவில் சிரித்தார்கள். அன்றிலிருந்து வண்டிக்கு அண்டா என்று பெயராகிவிட்டது. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் அண்டாக்காரர் என்றால் நான்தான். பெட்ரோல் பங்கில் நான் தம்ளரால் ஆயிலை அளந்து ஊற்றி டாங்கைக் குலுக்குவதைப் பார்க்கவே ஆள் சேரும். பம்ப் பிடிக்கிறவன் வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டான்.

"இன்னா அண்ணாத்தே, வண்டிக்குத் தாளிப்பா? கடுகு, கருவேப்பில கொண்டாரட்டா?"

"கொண்டா. அப்டியே உன் நாக்கையும் அறுத்துப் போடு, வதக்கிர்லாம்" என்பேன்.

இப்போது என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் அண்ணன். ஆவடியில் பட்டாளத்து வண்டிகளைப் பழுது பார்க்கிற இடத்தில் ஸ்டோரில் வேலை. பத்தாவது வரை படித்தவர், இங்கிலீஷ் பேசுவார், சட்டைப் பையில் இரண்டு பேனா. அண்டாவைப் பார்த்த நாளே அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பட்டாளத்தில் இதே மாதிரி இரண்டு பக்கமும் சிலிண்டர் நீட்டின, செயின் இல்லாத மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. அவை நாலு ஸ்ட்ரோக். வெறும் பெட்ரோல் குடிப்பவை.

"மாப்ளே, இது அந்த ஜாதி வண்டி. நா தினம் பாக்கிறேன். பெட்ரோல்ல போய் ஆயில ஊத்திகினு கீறியே, பேஜாரு."

"மச்சான், அத்த வித்தவரே காட்டிக் குடுத்தாரு. ஊத்தலன்னா கழுத்த அறுத்துக்கும்னாரு."

"அவரு காட்னது உனுக்கு இன்னா புரிஞ்சிதோ! பாரு, எப்டி பொகையுது. கொசு அடிக்கிற வண்டி மாரி."

"ரெண்டு ஸ்ட்ரோக்குன்னா பொகையத்தான் செய்யும் மச்சான்."

"நீ ஆயில் ஊத்தறே, அதனால பொகையுது. ஊத்தாம பாரேன், பொகை நின்னுடும்."

அவர் சொன்னது உண்மையும்தான். ஊற்றாவிட்டால் புகை நின்றுவிடும். எல்லாமே நின்றுவிடும். மச்சான் மேல் எனக்கு மரியாதை உண்டு, பெண் கொடுத்த வீடு. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பட்டறைக்காரனுக்குத் தீபாவளியைவிட அதுதான் பெரிய நாள். லேத்தைத் துடைத்து, ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தி, அளவுகோல் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்கிவிட்டால், மறுநாள் வரைக்கும் ஒன்றையும் தொடக் கூடாது. நான் உள்ளே லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மச்சான் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"மாப்ளே, அண்டா என் பொறுப்பு. நீ பூஜையப் பாரு. நா அத்த மணப்பொண்ணு மாரி ஆக்கி நிறுத்தறேன்."

நிறுத்தினார். பொய் சொல்லக் கூடாது, கண்ணாடி மாதிரி மின்னியது. கைப்பிடியில் மாவிலை, முன்விளக்குக்குச் சாமந்தி மாலை, இரண்டு சிலிண்டருக்கும் பட்டை பட்டையாகச் சந்தனம். நான் பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். மச்சானுக்குப் பூந்தமல்லியில் சம்பந்தி வீடு. அங்கே பொரி, கடலை, சுண்டல் கொடுத்துவிட்டு வரலாம் என்று சாயங்காலம் கிளம்பினோம். அவர் ஓட்டினார், நான் மடியில் பொரி மூட்டையோடு பின்னால் உட்கார்ந்தேன். எனக்குப் புது வேஷ்டி.

ஆவடியைத் தாண்டிப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வண்டி நல்ல வேகத்தில் போகிறது. காற்று சுகமாக இருக்கிறது. மச்சான் தலையைத் திருப்பிக் கத்துகிறார்.

"பின்னால பாரு மாப்ளே! பொகை கீதா?"

திரும்பிப் பார்த்தேன். புகை இல்லை. சாலை பளிச்சென்று தெரிந்தது.

"மச்சான், டாங்க்ல இன்னா ஊத்தினே?"

"சுத்தமான பெட்ரோலு! பூஜை நாளுல வண்டிக்குப் போய் அழுக்குத் தண்ணியா குடுப்பாங்க? பழசு எல்லாத்தையும் எறக்கி, டாங்கக் கழுவி, புதுசா ஊத்திக்கீறேன். பாத்தியா, எப்டி..."

எப்படி என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. "கிளட்சப் புடி! கிளட்சப் புடி!" என்று நான் கத்தினேன். அதற்குள் உள்ளே கிறீச்சென்று ஒரு சத்தம். பின்சக்கரம் செங்கல் வைத்த மாதிரி நின்றுவிட்டது. சக்கரம்தான் நின்றது, நாங்கள் நிற்கவில்லை. வண்டி கோணிக்கொண்டு இழுத்துப் போய்க் கரைச்சரிவில் சாய்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஏரிச் சேற்றில். பொரி எல்லாம் தண்ணீர் மேல் வெள்ளையாகப் பரவி மிதக்கிறது. மீன்களுக்கு ஆயுத பூஜை.

கரை மேல் எருமை ஓட்டிக்கொண்டு வந்தவர் நின்று பார்த்தார்.

"இன்னாபா, அண்டா கவுந்துடுச்சா?" என்றார். என் புகழ் பருத்திப்பட்டு எருமைக்காரர் வரைக்கும் போயிருந்தது என்பதை அந்த நேரத்திலும் கவனித்தேன்.

இத்தனைக்கும் என்னிடம் ஒரு ஸ்பேனர் கிடையாது. எல்லாம் சாமி முன்னால் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தது. மாட்டு வண்டி பிடித்து, அண்டாவை ஏற்றிக் கட்டி, நாங்கள் இரண்டு பேரும் அதன் பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அம்பத்தூர் வந்து சேர்ந்தோம். தெருமுனை வந்ததும் மச்சான் வாயைத் திறந்தார்.

"ஜெர்மனிக்காரன் வண்டின்னு பீத்திகினே. இவ்ளோதானா?"

வீட்டுக்கு வந்து சாமி அறையில் ஸ்பேனரை எடுக்கக் கை நீட்டினேன். மனைவி குறுக்கே நின்றாள்.

"சாமிகிட்ட வச்சத எடுக்காத. நாளிக்கு எட்த்துக்கோ."

"உங்கண்ணன் என் வண்டிய சாகடிச்சிட்டு வந்துகீறான்டி."

"செத்தது நாளிக்கும் செத்ததாத்தானே இர்க்கும்? கைய எடு."

மறுநாள் திறந்து பார்த்தேன். பார்க்கிற மாதிரி இல்லை. இரண்டு பிஸ்டனும் உருகிச் சிலிண்டர் சுவரில் வெண்ணெய் மாதிரி அப்பிக்கொண்டிருந்தன. பிஸ்டனைச் சுற்றியிருந்த ரிங்குகள் துண்டு துண்டாகக் கிடந்தன. புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே கிடைக்காத பாகம் உலகத்திலேயே கிடையாது என்பார்கள். ஒரு கடைக்காரர் என் பிஸ்டனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நைனா, இது இன்னா வண்டி? நா பொறந்ததுலேர்ந்து இத்தப் பாத்ததில்ல. கண்ணாடிப் பொட்டில வச்சி மாலை போட்டுடு."

அன்று யாராக இருந்தாலும் மாலை போட்டிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைக்க அனுமதி வாங்கும் காலத்துக்குள் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும். நான் வீட்டுக்கு வந்து, பழைய லாரிப் பிஸ்டன்களைத் தேடி எடுத்து உடைத்தேன். உருக்கி வார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. மரத்தில் அச்சுச் செய்தது நான். மண் அச்சுக்கு மண் சலித்தது நான். முதல் வார்ப்பு உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை. அடுத்தது ஆறும்போதே வெடித்தது. ஒரு வழியாக நன்றாக விழுந்ததை லேத்தில் கடைந்து, ரிங் போட்டு, வண்டியில் ஏற்றினேன். ஓடியது. தெருவைத் தாண்டுவதற்குள் படக்கென்று ரிங் உடைந்தது.

ஏன் உடைந்தது என்று நான் உட்கார்ந்து யோசித்ததுதான் என் படிப்பு. இரண்டு ஸ்ட்ரோக்குக்கு வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே சன்னல் மாதிரி ஓட்டைகள் இருக்கும். அதன் வழியாகத்தான் மூச்சு இழுப்பதும் விடுவதும். ரிங்கின் இரண்டு நுனியும் சேருகிற வாய் சுற்றிச் சுற்றி வந்து ஒரு சன்னலுக்கு நேராக நின்றால், நுனி வெளியே எட்டிப் பார்க்கும், மாட்டிக்கொள்ளும், உடையும். அப்படிச் சுற்றாமல் இருக்க ஜெர்மனிக்காரன் பிஸ்டனில் பொடி ஆணி ஒன்று அடித்திருந்தான். உருகிப் போன பிஸ்டனில் அந்த ஆணியே தெரியவில்லை. தடவித் தடவித் தேடி ஆணியின் வேர் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். என் பிஸ்டனிலும் அடித்தேன்.

பிறகு பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விடுகிற இடைவெளி. ஜெர்மனிக்காரன் வைத்திருந்த அளவே நானும் வைத்தேன். கொரட்டூர் ரயில்வே கேட் வரைக்கும் போவதற்குள் சூட்டில் பிடித்துக்கொண்டது. அவன் ஊர்க் குளிருக்கும் அவன் உலோகத்துக்கும் அது சரி. நம் வெயிலுக்கும் என் லாரி அலுமினியத்துக்கும் அது ஆகாது. தளர்த்தினேன், சோழி குலுக்குகிற மாதிரி சத்தம். மறுபடி வார்த்து, இழை இழையாகக் கடைந்து நடுவாந்தரத்தைப் பிடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே எடையாக இருந்தால்தான் வண்டி உதறாது. மார்க்கெட்டில் காய்கறிக்காரரிடம் தராசைக் கேட்டு வாங்கி வந்து, இந்தத் தட்டில் ஒன்று அந்தத் தட்டில் ஒன்று வைத்து, கனமானதின் உள்பக்கத்தைச் சுரண்டிச் சுரண்டி முள் நிற்கிற வரைக்கும் விடவில்லை. சிலிண்டருக்கு வார்ப்பிரும்பில் புது உறை கடைந்து இறக்கினேன். இன்ஜினுக்குள் காற்றுப் புகாமல் அடைக்கிற சீல் கிழிந்திருந்தது. அதற்குக் கைப்பம்பில் போடுகிற தோல் வாஷரை எண்ணெயில் ஊறவைத்து, அளவுக்கு வெட்டிப் போட்டேன். தண்டும் சக்கரமும் சேருகிற இடத்து ரப்பர், லாரி டயரில் செதுக்கியது.

இந்தக் காலம் முழுக்க மச்சான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். ஸ்டூலில் உட்காருவார், டீ குடிப்பார்.

"அசல் பாகம் வாங்கிப் போட்டா ஒரு நாள் வேல மாப்ளே. நீயே செஞ்சிகினு கீறே பாவம்."

"அசல் எங்க மச்சான் கீது?"

"ஜெர்மனில."

"அப்போ நீ போய் வாங்கிகினு வா. நா அதுவரைக்கும் இத்த கடையறேன்."

அண்டா மறுபடி உறுமிய நாள் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. பூந்தமல்லி போய்த் திரும்பி, ஆவடி, அண்ணனூர் சுற்றி வீட்டுக்கு வந்து நிறுத்தி, சிலிண்டர் மேல் கை வைத்தேன். சூடு இருந்தது, பதற்றம் இல்லை. அதன் பிறகு எத்தனையோ வருஷம் அது என்னைச் சுமந்தது. நாலு நாள் விட்டால் சைலன்ஸர் கரி அடைத்துக்கொள்ளும். கழற்றி வைக்கோல் தீயில் போட்டு எரித்து, தட்டி உதறிப் பூட்டுவேன். பிரசவத்துக்கு மனைவியைக் கொண்டு போனது அதில்தான். சிலிண்டர்க் காதுக்குப் பக்கத்தில் கால் வைத்துச் சூடு பட்டுக்கொண்டு திட்டியதும் அவள்தான்.

எழுபதுகளில் என் பெரிய பெண்ணுக்குக் காது குத்து வைத்தோம். தாய்மாமன் சீர் என்று மச்சான் மேளதாளத்தோடு தட்டுத் தட்டாக எடுத்து வந்தார். குறை சொல்ல முடியாது, தெருவே பார்த்தது. மடியில் பெண்ணை உட்காரவைத்துக் காது குத்தி முடிந்ததும், தாய்மாமனுக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டும். வேஷ்டி துண்டு வைத்த தட்டை நான் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வேஷ்டி வோணாம் மாப்ளே. அண்டாவக் குடு."

பந்தலில் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். மனைவி புடவைத் தலைப்புக்குள் என் கையைக் கிள்ளினாள், கொடு என்றா கொடுக்காதே என்றா என்று இன்று வரைக்கும் அவள் சொல்லவில்லை. சபையில் தாய்மாமன் கேட்டு இல்லை என்று சொல்கிற பழக்கம் எங்களில் கிடையாது. வண்டிச் சாவியைத் தட்டில் வைத்தேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு வைக்கவில்லை.

"குடுக்கறேன் மச்சான். ஒண்ணு சொல்லிட்டுக் குடுக்கறேன். எவன் கேட்டாலும், இது வயித்துல கீற பிஸ்டன் எங்க மாப்ள வார்த்ததுன்னு சொல்லணும்."

"சொல்லாம? நீ இல்லன்னா இது ஏது மாப்ளே!" என்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நாதஸ்வரக்காரர் வரைக்கும் எல்லார் காதிலும் அது விழுந்தது.

சில வருஷம் போனது. பட்டணத்தில், பழைய வண்டி மேல் பிரியம் உள்ளவர்கள் சேர்ந்து அபூர்வ வண்டிகளின் ஊர்வலம் வைத்தார்கள். மச்சான் அண்டாவை எடுத்துக்கொண்டு போனார். முந்தின நாள் அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டிக் கொடுத்தது நான்தான். கூடவே போனேன். வரிசையாகக் கார், மோட்டார் சைக்கிள், நல்ல கூட்டம். தொப்பி போட்ட ஒரு பெரியவர் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து மார்க் போட்டுக்கொண்டு வந்தார். அண்டாவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பண்ணினோம். குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"இதில் ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா?" என்று மச்சானைக் கேட்டார்.

"ஒன்றுகூட இல்லை சார். ஜெர்மனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே வைத்திருக்கிறோம்" என்றார் மச்சான், பேனா வைத்த சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு, நல்ல தமிழில்.

"கேட்டாலே தெரிகிறது. இரண்டு பக்கமும் எவ்வளவு ஒரே சீராக அடிக்கிறது பாருங்கள்! ஜெர்மன்காரன் வேலை என்றால் இதுதான். நம் ஆட்களுக்கு இது வராது."

நம் ஆட்களுக்கு வராதாம். அந்தச் சீர் எங்கிருந்து வந்தது? காய்கறித் தராசிலிருந்து வந்தது. நான் முன்னால் போனேன்.

"ஐயா, அது ஜெர்மனி பிஸ்டன் இல்ல. நா வார்த்தது. அம்பத்தூருல."

தொப்பிக்காரர் என் சட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு மச்சானைப் பார்த்தார். மச்சான் சிரித்தார்.

"எங்க வீட்டு மாப்பிள்ளை சார். தமாஷ் பேர்வழி."

கூட்டம் சிரித்தது. தொப்பிக்காரரும் சிரித்து என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். துளியும் மாற்றாத அசல் வண்டி என்பதற்காகக் கோப்பை மச்சானுக்கு வந்தது. அவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் படம் எடுத்தார்கள். படத்தில் நான் இல்லை. நான் அண்டாவின் மறுபக்கம் பெட்ரோல் குழாயை மூடிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பாடி பக்கம் டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கினேன்.

"இன்னா மச்சான், சபையில இன்னா சொன்னே, இங்க இன்னா சொன்னே?"

"கோச்சிக்காத மாப்ளே. நீயே யோசி. அம்பத்தூரு பிஸ்டன்னு சொன்னா எவனாவது கப்பு குடுப்பானா?"

"குடுக்காட்டி போறான்!"

"அப்டி சொல்லாத. நம்ம குடும்பத்துக்குப் பேரு மாப்ளே."

"நம்ம குடும்பமா? அதுல நா கீறேனா?"

டீக்காரர் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மச்சான் கோப்பையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் என்னுடையது, கையும் என்னுடையது. சோறு மட்டும் அவருக்கு, புகழ் ஜெர்மனிக்கு. நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்குப் போய் வருகிறேன், பேசுகிறேன். உறவு அறுந்துவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டுக் கூடத்தில் அந்தப் படத்தைப் பார்க்கிறேன். வருகிற விருந்தாளி ஒவ்வொருவரிடமும் "ஒரு ஸ்க்ரூகூட மாத்தல" என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பாயசம் குடிக்கிறேன். இப்போது அவர் பிள்ளைகள் வண்டியை வாசல் கொட்டகையில் கயிறு கட்டி நிறுத்தி, பக்கத்தில் ஒரு பலகையும் வைத்திருக்கிறார்கள். அதில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று என் பேத்தி படித்துச் சொன்னாள். வண்டி பிறந்த ஊர், வண்டியின் சொந்தக்காரர், வாங்கின கோப்பை, முழுக்க அசல். அவ்வளவுதான்.

ஜெர்மனிக்காரன் செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் தண்டு, அந்தக் கியர், அந்தச் சட்டம், அவன் மகாராசன். ஆனால் அவன் செய்த பிஸ்டன் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் செத்துப்போனது. சாகடித்தது யார் என்று நான் பலகையில் எழுதச் சொல்லவில்லை. அதை நான் விட்டுக்கொடுக்கிறேன், பெண் கொடுத்த வீடு. உயிர் கொடுத்தது யார் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அசல் என்கிற சொல்லுக்காக நான் அழியத் தயாராக இல்லை. கப்பலில் வந்தால்தான் அசலா? களிமண்ணில் அஸ்திவாரம் போட்டவன் கடைந்தால் அது நகலா?

மச்சானுக்குக் காது மந்தமாகிவிட்டது. ஆகவே பிள்ளைகளே, உங்களிடம் கேட்கிறேன். உங்கள் அப்பாவுக்கும் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பலகையைக் கழற்றுங்கள். புதுப் பலகையில் வண்டி ஜெர்மனி என்று எழுதுங்கள், சொந்தக்காரர் உங்கள் அப்பா என்று எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கடுத்து, அதே அளவு எழுத்தில், ஒரு மயிரிழை சின்னதாகக்கூட இல்லாமல், இதன் இரண்டு பிஸ்டனும் சிலிண்டர் உறையும் அம்பத்தூரில் செய்தவை என்று எழுதி, செய்தவன் என்று என் பெயரை எழுதுங்கள். இனிஷியலோடு எழுதுங்கள், அது என் அப்பா பெயர். தமிழில் எழுதுங்கள். வந்து நானே படித்துப் பார்ப்பேன்.